எட்டு மாதப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால்

கேள்வி: நான் உரும்பிராயில் வசிக்கும் ஆசிரியை. மகளுக்கு எட்டு மாதம். ஆறு மாதம் வரைக்கும் யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னுடைய பிரசவ விடுமுறை முடிந்து நான் பாடசாலைக்குத் திரும்பிய பிறகு முற்றாக மாறிவிட்டாள். நான் குளியலறைக்குப் போனாலே வாசலில் இருந்து கத்துகிறாள். காலையில் மாமி அவளைப் பின்வளவுக்குக் கோழி காட்டக் கொண்டுபோக, நான் முன்படலையால் ஒளித்துப் போகிறேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் என்னைக் கண்டதும் அழுகிறாள். ஏணையில் ஆட்டித் தூங்கவைத்துக் கட்டிலில் கிடத்தினாலும் இரவில் நான்கு தடவை எழும்புகிறாள். கொழும்பில் வேலை செய்யும் கணவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும்போது அவரிடம் போகாமல் வீரிடுகிறாள்; அவர் மனமுடைந்து போகிறார். “கையிலேயே வைச்சுப் பழக்கிப்போட்டாய்” என்கிறார் மாமி. அடுத்த மாதம், பல் முளைத்ததற்காகத் தலையில் கொழுக்கட்டை கொட்டும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு வைத்திருக்கிறோம், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்ன நடக்குமோ தெரியாது. சில இரவுகளில் நானும் சேர்ந்து அழுகிறேன். சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் பிள்ளையின் மனதில் என்னதான் ஓடுகிறது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளையின் அழுகையை எப்படி நிறுத்துவது என்று கேட்டு வருகிறவர்கள் பலர். அவளுடைய மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. அதற்கு விடை கிடைத்தால், காலையில் எப்படி விடைபெறுவது, இரவில் என்ன செய்வது, கொழுக்கட்டை கொட்டும் நாளை எப்படி நடத்துவது என்பவற்றுக்கும் பெரும்பாலும் வழி பிறந்துவிடும். அதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளைத் தூக்கி வைத்திருந்ததால் அவள் கெட்டுப்போகவில்லை. எட்டாம் மாதமளவில் ஒரு பிள்ளையிடம் வரவேண்டிய வளர்ச்சி அவளிடம் வந்திருக்கிறது. அது வந்த அதே வாரங்களில் நீங்களும் வேலைக்குத் திரும்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்ததால்தான் வீட்டில் இவ்வளவு கலக்கம்.

நான்கு ஐந்து மாதத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கிலுகிலுப்பையை ஒரு துவாயால் மூடியிருந்தால், அவள் வேறு பக்கம் திரும்பியிருப்பாள். இப்போது மூடிப் பாருங்கள். துவாயை இழுத்துக் கிலுகிலுப்பையைத் தேடுவாள். சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் கவனித்து எழுதியவற்றை ஆசிரியப் பயிற்சியில் நீங்கள் படித்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற அறிவு ஏறக்குறைய இந்த வயதில்தான் பிள்ளையிடம் உறுதிப்படுகிறது. கிலுகிலுப்பை விடயத்தில் இது வெறும் விளையாட்டு. அம்மா விடயத்தில் இது பெரிய துன்பம். முன்பு நீங்கள் குசினிக்குப் போனால், யாராவது அவளோடு பேசிக்கொண்டிருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. இப்போது நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது, எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாது, திரும்பி வருவீர்களா என்பதும் தெரியாது. பாதி அறிவு மட்டும் வந்து மீதி இன்னும் வராத இந்த இடைக்காலத்தில்தான் உங்கள் மகள் இருக்கிறாள்.

இது உரும்பிராய்ப் பிள்ளைகளுக்கோ அப்பம்மா வளர்க்கும் பிள்ளைகளுக்கோ மட்டும் உரியதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகனும் அவருடைய குழுவினரும் 1970களில் அமெரிக்க நகரப் பிள்ளைகளையும் குவாத்தமாலாவின் கிராமப் பிள்ளைகளையும் ஆபிரிக்காவின் கலகாரியில் வேட்டையாடி வாழும் மக்களின் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, தாயைப் பிரியும்போது வரும் இந்த அழுகை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே வயதில் தொடங்கி, முதலாவது பிறந்தநாளை ஒட்டிய காலத்தில் உச்சத்துக்குப் போய், பின்னர் தணிவதைக் கண்டார்கள். கலகாரிப் பிள்ளை நாள் முழுவதும் தாயின் உடலோடு ஒட்டி வளர்வது; நகரப் பிள்ளை தனித் தொட்டிலில் வளர்வது. இரண்டும் அதே மாதங்களில்தான் அழுதன. கைப்பழக்கம் என்று மாமி சொல்வதற்கு இதைவிடத் தெளிவான மறுமொழி என்னிடம் இல்லை.

இனி ஒரு வேலைநாளின் காலையை அவளுடைய உயரத்தில் இருந்து பாருங்கள். அவள் பாயில் இருக்கிறாள். அம்மா வீட்டில் உடுக்கும் சோட்டியோடு நடமாடும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சோட்டியில் பாலின் மணமும் குசினிப் புகையின் மணமும் உண்டு. அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தால் அம்மா குனிவாள். பிறகு அலுமாரிக் கதவு கிறீச்சிடுகிறது. மொடமொடவென்று சேலை ஒன்று விரிகிறது. அம்மா கண்ணாடியைப் பார்த்தபடி நிற்கிறாள். ஊசியை உதட்டில் வைத்திருப்பதால் பேசவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், மடிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பவுடர் மணம் வருகிறது. இந்தச் சேலை வெளியே வந்த நாட்களில் எல்லாம் அம்மா காணாமல் போயிருக்கிறாள் என்பதைச் சில வாரங்களுக்குள்ளேயே மகள் படித்துவிட்டாள். ஆகவே நீங்கள் இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போதே, ஒருவரும் அவளைத் தொடாமல் இருக்கும்போதே, அழத் தொடங்குகிறாள். பெரியவர்கள் காரணமில்லாத அழுகை என்று சொல்லும் அழுகைகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும்.

அந்த ஊசி வைத்த முகத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் ட்ரோனிக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 1978 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாய்மார் தங்கள் பிள்ளையின் முன்னால் சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருந்தார்கள். பிள்ளைகள் முதலில் சிரித்தும் சத்தமிட்டும் தாயின் முகத்தை மீட்கப் பார்த்தன. அது பலிக்காதபோது முகத்தைத் திருப்பிச் சோர்ந்துபோயின. பிள்ளைக்கு அம்மா என்பது அருகில் இருக்கும் உடல் மட்டுமல்லவே. தான் ஒன்று செய்தால் பதிலுக்கு ஒன்று செய்யும் முகமும் சேர்ந்துதான் அம்மா. எனவே அவள் எழும்பும் முன்னரே ஊசிகளை எண்ணி மேசையில் வைத்துவிடுங்கள். சேலை உடுக்கும்போது அவளோடு கதைத்துக்கொண்டே உடுங்கள். கைபேசியைப் பார்த்தபடி பால் கொடுப்பதற்கும் இது பொருந்தும் என்பதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

அடுத்ததாகக் கோழி. அப்பம்மாவின் இடுப்பில் ஏறிப் பின்வளவுக்குப் போவது அவளுக்கு மிகவும் பிடித்தமானது. சேவல் சிறகடிக்கிறது, குஞ்சுகள் சிதறுகின்றன, வாழையடிக்குத் தண்ணீர் ஓடுகிறது. அவள் அதிலே மூழ்கியிருக்கும் நேரத்தில் முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் இயங்கும் சத்தம் கேட்கிறது. அது யாருடைய சத்தம் என்று எட்டு மாதப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் திரும்பி வந்தால் கட்டிலில் அம்மா இல்லை, குசினியில் இல்லை, கிணற்றடியிலும் இல்லை. போகும்போது அழவில்லை என்று நீங்கள் நிம்மதியாகப் போகிறீர்கள். அவளோ அந்த நேரத்தில் இரண்டு பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். கோழி பார்க்கப் போனால் அம்மா மறைந்துவிடுவாள் என்பது ஒன்று. கண்ணை எடுத்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்பது மற்றது. இரண்டாவது பாடம்தான் மத்தியானத்துக்குப் பிறகு உங்கள் பின்னாலேயே வருகிறது. குளியலறை வாசலில் இருந்து கத்துகிறவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, காவல் இருக்கிறாள். காலையில் ஒளித்துப் போவதை நிறுத்தாமல் மாலையில் ஒட்டிக்கொள்வதை நிறுத்த முடியாது என்பதே என்னுடைய முடிவான கருத்து.

ஆகவே நாளையில் இருந்து அவள் பார்க்கத்தக்கதாகப் போங்கள். எல்லா ஆயத்தமும் முடிந்து, பையும் தலைக்கவசமும் வாசலில் இருக்கும்போது அவளைத் தூக்கிக் கொஞ்சி, “அம்மா பள்ளிக்கூடம் போட்டு வாறன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, மாமியின் கையில் கொடுத்துவிட்டு, படலையில் கையசைத்துப் போய்விடுங்கள். எல்லாமாக ஒரு நிமிடம் போதும். ஒவ்வொரு நாளும் அதே சொற்கள், அதே இடம், அதே ஒழுங்கு. சொற்கள் அவளுக்கு விளங்காது என்று நினைக்க வேண்டாம். அன்றாடம் கேட்கும் சில சொற்களின் பொருளைப் பிள்ளைகள் ஆறு தொடக்கம் ஒன்பது மாதங்களிலேயே அறியத் தொடங்குகின்றன, வாய் பேசுவதுதான் பிந்தி வரும். அவள் அழுவாள். முதல் கிழமையில் முன்பைவிடக் கூடவும் அழக்கூடும், ஏனென்றால் இதுவரை அவளுக்குத் தெரியாமல் நடந்தது இப்போது தெரிந்து நடக்கிறது. ஆனால் அப்பம்மாவின் கையில் இருந்து, நடப்பது இன்னதென்று தெரிந்து அழும் அழுகை வேறு. வெறும் வீட்டைத் தேடி அழும் அழுகை வேறு. அழுகையைக் கேட்டுத் திரும்பி வந்து இரண்டாவது தடவை கொஞ்சாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மாமியிடம் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.

கோழியையும் விட்டுவிட வேண்டியதில்லை. நீங்கள் போய் அவள் ஆறிய பிறகு, எட்டு எட்டரைக்கு, மாமி அவளைப் பின்வளவுக்குக் கொண்டுபோகட்டும். மாமி இதுவரை செய்ததெல்லாம் பிள்ளை அழக்கூடாது என்ற அன்பினால் செய்தது. அந்த அன்பை அவரிடம் எடுத்துச் சொல்லிவிட்டே மாற்றத்தைக் கேளுங்கள். நாள் முழுக்க ஒரு தவழும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அந்த வயதில் சிறிய காரியம் இல்லை.

பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்கி 1.30 மணிக்கு முடியும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மகளிடம் மணிக்கூடு இல்லை. அவளுக்கு நேரம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் காரியங்கள்: கூழ், கோழி, நித்திரை, குளிப்பு, சோறு, அதற்குப் பிறகு அம்மா. இந்த ஒழுங்கு நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால், சில வாரங்களில் குளித்து உடுப்பு மாற்றியதுமே அவள் படலைப் பக்கம் பார்க்கத் தொடங்குவாள். ஒழுங்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக இருந்தால் அம்மா எப்போதும் வரலாம், வராமலும் விடலாம் என்ற நிலையில்தான் காலை முழுவதும் கழியும். இன்னொன்றையும் செய்து பாருங்கள். நீங்கள் இரவில் உடுத்த சோட்டியைத் துவைக்கப் போடாமல் மாமியிடம் கொடுங்கள். பிள்ளையைத் தூக்கும்போது அதைத் தோளில் போட்டுக்கொள்ளட்டும். பிறந்து சில நாட்களிலேயே தாயின் பால் மணத்தை மற்றப் பெண்களின் மணத்தில் இருந்து பிரித்தறியும் மூக்கு அது. ஆனால் தனியாகத் தூங்கும் பிள்ளையின் அருகில் அந்தத் துணியை விட்டுவிடக் கூடாது. முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு.

மத்தியானம் உங்களைக் கண்டதும் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் உங்கள் வருத்தம் தெரிந்தது. காலை முழுவதும் மாமியோடு சமாளித்துக்கொண்டிருந்தவள், யாரிடம் முழுமனதாக அழலாமோ அவரைக் கண்டதும் அழுகிறாள். அந்த நேரத்தில் சேலை மாற்றுவதற்கும் தேத்தண்ணீர் குடிப்பதற்கும் அவளைக் காக்க வைக்காமல், கையைக் கழுவிவிட்டு விறாந்தையிலேயே நிலத்தில் இருந்து அவளை மடியில் எடுத்துப் பால் கொடுங்கள். அரை மணித்தியாலம் வேறெதுவும் வேண்டாம். அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுத்த நாட்களில் மாலை எப்படிப் போகிறது என்பதை நீங்களே காண்பீர்கள். அழுதவுடனே தூக்கினால் அழுகை பழகிவிடும் என்ற பயமும் வேண்டாம். சில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வேர்த் ஆகிய உளவியலாளர் இருவரும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 பிள்ளைகளை முதல் ஆண்டு முழுவதும் வீடுகளிலேயே கவனித்து 1972 இல் எழுதியது சிறிய ஆய்வுதான் என்றாலும், அழுகைக்கு விரைவாகப் பதில் பெற்ற பிள்ளைகள் ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுததாக அதில் கண்டார்கள். நான் வைத்தியசாலையில் பார்த்துவருவதும் அதற்கு ஒத்ததாகவே இருக்கிறது.

இரவு சற்று விரிவாகப் பேசவேண்டிய விடயம். இந்த வயதுப் பிள்ளையின் நித்திரை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆழத்தில் இருந்து மேலே வரும். அப்போது கண்ணை அரைவாசி திறந்து, தூங்கும்போது இருந்தவை எல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போவாள். பெரியவர்களும் இப்படித்தான், எங்களுக்குக் காலையில் நினைவிருப்பதில்லை. உங்கள் மகள் தூங்கியது ஏணையில். உங்கள் பழைய சேலையின் மணம், ஆட்டம், கயிறு கிரீச்சிடும் ஒலி, உங்கள் குரல். கண்விழிப்பது கட்டிலில்; ஆட்டம் இல்லை, குரல் இல்லை, முதுகுக்குக் கீழே வேறு விரிப்பு. உங்கள் கட்டிலில் படுத்துத் தூங்கிய நீங்கள் நள்ளிரவில் முற்றத்தில் கண்விழித்தால் எப்படியிருக்குமோ, அவளுக்கு அப்படியிருக்கிறது. கத்தி உங்களை எழுப்பி, ஏணைக்கு மீண்டு, பிறகு மறுபடியும் கட்டில். நான்கு தடவை என்பது எனக்கு வியப்பாக இல்லை.

இதற்கு மேலாக ஒரு காரணமும் உண்டு. பகலில் ஏழு மணித்தியாலம் தாயைப் பிரிந்திருக்கும் பிள்ளைகள் பலர், விட்ட பாலையும் விட்ட அணைப்பையும் இரவில் எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் இரண்டு தடவை நிறையப் பால் கொடுத்தால் இரவுத் தேவை ஓரளவு குறையும். படுக்கவைக்கும்போது ஏணையில் முழு நித்திரைக்குப் போகும் முன்னரே ஆட்டத்தை மெதுவாக நிறுத்தி, கண் சொருகும் நிலையில் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் உங்கள் உள்ளங்கையை வைத்துத் தாலாட்டைத் தொடருங்கள். முதல் சில நாட்கள் சிணுங்குவாள். கையை எடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள். இரவில் முனகல் கேட்டவுடன் தூக்கிவிடாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், முனகல்கள் பல தானாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் முதலில் குரல், பிறகு கை, பிறகு பால். விளக்கைப் போட வேண்டாம், கைபேசி வெளிச்சமும் வேண்டாம். இரண்டு மூன்று கிழமை எடுக்கும். தனியறையில் விட்டு அழவிடச் சொல்லும் முறைகளை, தாயைப் பிரியும் பயம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் இந்த மாதங்களில் நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

ஏணையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். எழுந்து இருக்கவும் விளிம்பைப் பிடித்து எழும்பவும் தொடங்கிய பிள்ளை ஏணையில் இருந்து தலைகீழாக விழலாம், துணியில் கழுத்துச் சிக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் விழித்திருந்து ஆட்டும் நேரத்துக்கு மட்டும் அது இருக்கட்டும். உங்களைத் தேடித் தவழ்ந்து வருகிறவளின் பாதையையும் ஒருமுறை நீங்களே தவழ்ந்து பாருங்கள்: கிணற்றடியில் தண்ணீர் நிறைந்த வாளி, எரியும் நுளம்புத்திரி, மண்ணெண்ணெய்ப் போத்தல், பாயில் சிந்திய கச்சான். அவளுடைய கண்ணுக்கு இவை எல்லாம் அம்மாவிடம் போகும் வழியில் கிடக்கும் புதிய பொருட்கள்.

அடுத்து உங்கள் கணவர். சனிக்கிழமை விடியற்காலை இரவு பஸ்ஸால் இறங்கி, இரண்டு கிழமை ஆசையையும் சுமந்துகொண்டு நேரே கட்டிலுக்கு வருகிறார். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தால், அரை நித்திரையில் இருக்கும்போது பெரிய முகம் ஒன்று வேகமாக நெருங்குகிறது. மீசை குத்துகிறது, பஸ்ஸின் மணம் வீசுகிறது, நிலத்தில் இருந்து திடீரென்று உயரத்துக்குத் தூக்கப்படுகிறாள், அம்மாவோ கீழே நிற்கிறாள். ஆறு மாத வயது வரைக்கும் எந்த முகமும் அவளுக்கு நல்ல முகமாக இருந்தது. இப்போது தெரிந்த முகங்களின் கணக்கொன்று அவளிடம் இருக்கிறது. இரண்டு கிழமை காணாத முகத்தை அந்தக் கணக்கில் தேடிப்பிடிக்க அவளுக்குச் சற்று நேரம் வேண்டும். அவர் அந்த நேரத்தைக் கொடுத்தால் போதும்.

வந்ததும் முகம் கழுவி, சாரத்தை மாற்றிக்கொண்டு, நீங்கள் அவளை மடியில் வைத்திருக்கும் இடத்துக்குச் சிறிது தூரத்தில் நிலத்தில் இருக்கட்டும். அவளை உற்றுப் பார்க்காமல் உங்களோடு கதைக்கட்டும். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்: அம்மா இந்த ஆளோடு சிரிக்கிறாள், அம்மாவின் உடல் இறுகவில்லை, ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. இந்த வயதில் பிள்ளை புதியவரை எடைபோடுவது அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான். ஒரு கரண்டியையோ மூடியையோ அவர் நிலத்தில் உருட்டி விட்டால் அவள் எட்டி எடுக்க வருவாள். அவளாகக் கையை நீட்டும்போது தூக்கலாம். சில வேளை அரை மணித்தியாலம் எடுக்கும், சில வேளை மத்தியானமாகும். ஒவ்வொரு வருகையிலும் ஒரு காரியம், உதாரணமாகச் சனிக்கிழமைக் குளிப்பு, அப்பாவுடையதாக இருக்கட்டும். ஞாயிறு இரவு அவர் புறப்படும்போது அவளும் விழித்திருந்தால் அவரும் சொல்லிவிட்டே போகவேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் வீடியோ அழைப்பில் அவளைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவள் காண்பது உள்ளங்கை அளவு முகம்; அது அவளை நேரே பார்ப்பதில்லை, உதடு அசைந்து சற்றுப் பிந்தித்தான் குரல் வருகிறது, சிரித்தால் பதில் சிரிப்புத் தாமதமாகிறது. குரல் அவளுக்கு முகத்தைவிட உறுதியான அடையாளம். பிறந்து மூன்று நாட்களுக்குள்ளேயே பிள்ளைகள் தாயின் குரலை வேறு பெண்ணின் குரலைவிட விரும்பித் தேடுவதை 1980 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அப்பாவின் குரலையும் தினமும் கேட்டுக் கேட்டுத்தான் அவள் தன்னுடையதாக்கிக்கொள்வாள். இரவு உணவுக்குப் பிறகு ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம், அவர் ஏதாவது பாடட்டும் அல்லது அன்றைய கதையைச் சொல்லட்டும்; நீங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து சிரியுங்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரை நேரமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் கூறியது பாட்டுக் காணொளிகளைப் போட்டுவிட்டுப் பிள்ளையை அதன்முன் இருத்திவிடுவதைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தகப்பனோடு ஐந்து நிமிடம் கதைப்பதில் கேடில்லை.

பல்லுக்கொழுக்கட்டையை எண்ணிப் பயப்படத் தேவையில்லை, ஆனால் அன்றைய நாளை அவளுக்கேற்ப அமைக்கவேண்டும். பொதுவாக நடப்பது என்ன? உரஞ்சும் புதுச் சட்டையோடு, நித்திரை நேரத்தில், வீடியோக்காரரின் வெளிச்சத்துக்கு நடுவே பிள்ளையைத் தனியாக இருத்துகிறோம். சுற்றிவர நாற்பது முகங்கள். தலைக்கு மேலே வெள்ளைத் துணி விரிகிறது; அதுவரை தெரிந்த அம்மாவின் முகமும் மறைகிறது. பிறகு மேலிருந்து ஏதோ விழுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமிடுகிறார்கள். அழாத பிள்ளையைக் கண்டால்தான் நான் வியப்பேன். நீங்கள் செய்யக்கூடியவை இவை. காலை நித்திரை முடிந்து பால் குடித்த பிறகு நேரத்தை வையுங்கள், நாள்காட்டியில் அதற்கேற்ற நல்ல நேரம் பெரும்பாலும் கிடைக்கும். பிள்ளை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். துணியை உங்கள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தால் அதன்கீழ் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்திய வாரத்தில் இருந்தே மெல்லிய துணியால் முகத்தை மூடித் திறந்து விளையாடுங்கள். இந்த விளையாட்டு மறைந்தவர் திரும்பி வருவார் என்பதை அவளுக்குச் சிரிப்போடு சொல்லிக்கொடுக்கிறது; காலைப் பிரிவுக்கும் அது உதவும். கொழுக்கட்டைகள் நன்றாக ஆறியவையாகவும் சிறியவையாகவும் இருக்கட்டும். பல்லுப்போல் குத்தியிருக்கும் தேங்காய்ச் சொட்டு அவள் வாய்க்குள் போகாமல் ஒருவர் கவனிக்கவேண்டும், அது தொண்டையில் அடைக்கக்கூடிய பொருள். பேனை, புத்தகம், நகை என்று முன்னால் வைப்பவற்றை அவள் எடுத்தாலும் சரி, எடுக்காமல் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, வற்புறுத்த வேண்டாம். அதன்பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தூக்கிப் பார்க்கவேண்டும் என்றால், “பிள்ளைக்கு நித்திரை வருது” என்று சொல்லி உள்ளே கொண்டுபோக உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. உறவினர்களின் மனம் நோகாமல் இதைச் சொல்ல மாமியைவிடப் பொருத்தமானவர் இல்லை, முன்கூட்டியே அவரிடம் பேசிவையுங்கள்.

ஒன்பதாம் மாதம் எம்.எம்.ஆர். தடுப்பூசிக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறை வளைகோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் ஒருவரும் பிடிக்காமல் தானாகவே உட்கார்ந்திருக்கிறாளா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, “பபப, மமம” என்று ஒலி எழுப்புகிறாளா, முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்பவற்றில் ஏதாவது இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லவேண்டும். காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்து அழுதல், பால் மறுத்தல் ஆகியவற்றோடு வரும் அழுகையையும் இந்தக் கடிதத்தில் பேசிய அழுகையோடு சேர்க்கவேண்டாம். அதைக் காட்டியே ஆகவேண்டும்.

சில இரவுகளில் நீங்களும் சேர்ந்து அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நித்திரை கெட்ட தாய் அழுவது இயல்பு. ஆனால் அந்தத் துக்கம் இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், சாப்பாட்டிலும் பிள்ளையிலும் மனம் செல்லாமல் போனால், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போதும் வரலாம். மருந்தும் ஆலோசனையும் நன்றாகப் பலன் தரும் நோய் அது. யாழ். போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சம்பளமற்ற விடுமுறையை மகளின் அழுகைக்காக மட்டும் எடுப்பதானால், எடுக்கவேண்டாம் என்பேன். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு அவளுடைய பதினொராம் மாதத்தில் பாடசாலைக்குத் திரும்பினால், பிரிவின் பயம் உச்சத்தில் இருக்கும் காலத்தில், இப்போது பழகத் தொடங்கியிருப்பதை அவள் முதலில் இருந்து பழகவேண்டி வரும். உங்கள் உடல்நிலைக்காகவோ, மாமியால் தனியாகச் சமாளிக்க முடியாததாலோ எடுப்பதானால் அது வேறு விடயம். அதைக் கணவரோடும் மாமியோடும் இருந்து பேசி, அவர் அடுத்த முறை வந்து போவதற்குள் முடிவெடுங்கள்.